கண்டெய்னர் குன்று

திருவொற்றியூர்,
அக்டோபர் 9

அன்புத் தம்பி பிராங்கிளினுக்கு, அக்கா ஆலிஸ் எழுதுவது. ஜானட்டும் பிள்ளைகளும் நலம். போன லீவில் நீ கேட்டில் மாட்டிவிட்டுப் போன 'வீடு விற்பனைக்கு' பலகையும் அப்படியே தொங்குகிறது.

இந்த மழைக்கும் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுமா என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. கல்லூரியில் புவியியல் நடத்துகிறவள் இப்படிச் சொல்வது உனக்குச் சிரிப்பாக இருக்கும். வானத்துக்காக வாக்குக் கொடுக்க நான் ஆளில்லை. ஆனால் நிலத்தைப் பற்றி ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் "சரிக்கா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

புதிய மழைநீர்க் கால்வாய் நம் தெருவுக்கு வராது என்று போன மாதம் மாநகராட்சிக் கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வரைபடத்தில் நம் தெரு மேடாம். உன் மனைவி ஜானட் எழுந்து, "மேட்டுலயா கீறோம்? அப்போ போன மழைல எங்க வூட்டு பிரிட்ஜு இன்னாத்துக்கு சார் மெதந்துகினு கெடந்துச்சு? நீச்சல் கத்துக்கவா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். வரைபடம் மாறவில்லை. வெளியே வந்ததும், "இன்னா அண்ணி, அம்மாம் படிச்சுட்டு பொம்மையாட்டம் குந்திகினு இருந்தீங்களே" என்றாள். எனக்கு உறைத்தது.

அந்த வரைபடம் செயற்கைக்கோள் உயரத் தரவை வைத்துச் செய்தது. தரவு ஒன்றும் ரகசியமில்லை. பெயரைப் பதிந்தால் யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தரையை முப்பது மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் உயரம் கொடுத்திருப்பார்கள். இறக்கிப் பார்த்தேன். நம் வீட்டுக்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு குன்று இருந்தது. ஆனால் அதன் ஓரங்கள் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தன. எந்தக் குன்று அப்படி இருக்கும்? எழுந்து ஜன்னலைத் திறந்தேன். எதிரே கண்டெய்னர் யார்டு.

மேலிருந்து வரும் ரேடார் அலை எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் உயரத்தைத்தான் சொல்லும். நான்கு அடுக்குக் கண்டெய்னரை அது தரை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. வரைபடம் போட்டவர்கள் நம் தெருவையும் யார்டையும் ஒரே பகுதியாக்கிச் சராசரி எடுத்துவிட்டார்கள். யார்டு வருவதற்கு முன்பு, 2000-இல் எடுத்த தரவும் கிடைத்தது. அதில் குன்று இல்லை. சின்ன வயதில் நீ பந்து பொறுக்கிய அதே தரைதான்.

இரண்டையும் அச்செடுத்து, கால்வாய் வேலையைப் பார்க்கும் பொறியாளர் சாபிராவிடம் இன்று கொண்டுபோனேன். இந்தத் தரவில் சில மீட்டர் பிழை இருக்கும், இதை வைத்து நான் பள்ளம் என்றும் சொல்லமாட்டேன், நீங்கள் மேடு என்றும் சொல்லக்கூடாது, நேரில் வந்து அளந்து பாருங்கள் என்றேன். இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கண்டெய்னரப் போயி மேடுன்னு போட்டுக்கிறாங்களே மேடம்!" என்று வாய்விட்டுச் சிரித்தார். நாளைக் காலை கருவியோடு வருகிறாராம்.

விற்கக் கையெழுத்துப் போடுமுன் ஒரு மழைக்காலம் பொறுத்துக்கொள். நான் கெஞ்சுகிறவள் இல்லை, உனக்கே தெரியும். மாதா உன்னைக் காக்கட்டும் என்று ஜானட் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அக்கா
ஆலிஸ்

அக்டோபர் 10. உறையை இன்னும் ஒட்டவில்லை. சாபிரா வந்து அளந்தார். யார்டு வாசலைவிட நம் வாசல் இரண்டடி பள்ளம். தெருவே கைதட்டியது, நானும் தட்டினேன். கால்வாய் இந்த வழியாகத்தான் என்று நம் மதிலில் சிவப்புப் பெயின்டில் அம்புக்குறி போட்டார்கள். "இன்னும் பெர்சா போடு நைனா, சேட்டிலைட்டு பாக்கட்டும்" என்றாள் ஜானட். அடியில் பழைய குழாய் எங்கே போகிறது என்று பார்க்க வாசலிலேயே ஒரு குழி தோண்டினார்கள். தாண்ட வழியில்லை. ஜானட் விடுவிடுவென்று போய்க் கேட்டில் தொங்கிய பலகையைக் கழற்றிக் குழிமேல் போட்டாள். இப்போது உன் போன் நம்பரை மிதித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் போகிறோம்.