தாய்மாமன் மடி

16.08.1998, ஞாயிறு இரவு

இன்று கொட்டாஞ்சேனைக் கோயிலில் தங்கச்சி மகனுக்குக் காது குத்தினார்கள். செக்பாயின்டில் பஸ்ஸை மறித்ததால் நான் பிந்திப் போனேன். தாய்மாமன் மடி இல்லாமல் குத்த முடியாதே, காத்திருந்தார்கள்.

தங்கச்சி புருஷன் செல்வம் என் கையில் இருந்த பிளாஸ்டரைப் பார்த்தான்.

"என்ன மச்சான், ஊசியா?"

"விட்டமின் சேலைன். அசதிக்கு."

உண்மையில் எதற்கென்று அவனுக்கு ஏன் சொல்ல வேண்டும்? முன்பு தேயிலைத் தோட்டத்தில் இரண்டு பேரும்தான் களைப் புல்லைக் கொல்ல மருந்தடித்தோம். முதுகுவலி என்று அவன் படுத்த நாட்களில் அவனுடைய மருந்து டாங்கியையும் நானே சுமந்தேன். அவனுக்கு இது மூன்றாவது பிள்ளை. எனக்கு விந்தணு குறைவு, மருந்தடித்ததால் இருக்கலாம் என்கிறார் டாக்டர். சேலைன் சரியாக்கும் என்று அவர் சொல்லவில்லை, ஏற்றிப் பார்ப்போம் என்கிறார். நேற்று ஏழாவது ஏறியது. பிள்ளைகளைச் சனியன் என்று செல்வம் திட்டும்போது எனக்கு வயிறு எரிகிறது.

குத்தியதும் பிள்ளை அலறினான். பிறகு என் சட்டையில் முகத்தைப் புதைத்து அடங்கினான். செல்வம் கையை நீட்டினான்.

"குடுங்க மச்சான், கை வலிக்கும்."

"தூங்குறான். கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

பிள்ளை தூங்கவில்லை, முகத்தை நிமிர்த்திக் கண்ணை விழித்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.