கீழ்வீட்டு ஹலினாவும் உன் ஓட்டும்

ருவைஸ், அமீரகம்
30 மே 2009

அன்பு மகள் ஷிரினுக்கு உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் இந்த வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் மருமகனும் என் பேரன் அம்மாரும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எனக்கு ஐந்து வேளையும் துஆ. வாப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் செய்கிறது, ஸ்டூல் போட்டு உட்காருங்கள் என்றால் கேட்பதில்லை. கடையில் முன்போல் கூட்டம் இல்லை. கம்பெனிகள் ஆள் குறைக்கின்றன, தொழிலாளர் கேம்ப்பில் இருந்து வரும் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வந்து சொல்லிக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். அபுதாபியில் துணிக்கடை வைத்திருக்கும் வாப்பாவின் கூட்டாளி கௌஸ் முகைதீன் திங்கட்கிழமை லண்டன் வருகிறார், மறுநாளே உன் வீட்டுக்கு வந்து இதைக் கையில் தருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். போனில் பேசினால் நீயும் நானும் மறுபடி சண்டை போடுவோம், உட்கார்ந்து எழுது என்று வாப்பா சொன்னதால் எழுதுகிறேன்.

போன வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு நாம் பேசியது உனக்கு மறந்திருக்காது. வருகிற வியாழக்கிழமை அங்கே ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்குத் தேர்தல், இந்தியப் பாஸ்போர்ட் என்றாலும் அங்கே குடியிருக்கிறதால் உனக்கும் ஓட்டு உண்டு, யாருக்குப் போடுவதென்று தெரியவில்லை என்று நீ பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னாய். ஐரோப்பாவோடு சேர்ந்த கூட்டை விட்டு பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று ஒரு கட்சி சொல்கிறதே, அதற்குப் போடு என்று நான் சொன்னேன். அதற்கு நீ, "ஏன் உம்மா, ஹலினா ஆன்ட்டியை ஊருக்கு அனுப்பச் சொல்றியளா? அவங்க இல்லாட்டி நானும் புள்ளையும் என்ன ஆயிருப்போம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன். கார்டு தீர்ந்துபோய்விட்டது என்று வாப்பாவிடம் சொன்னேன். போன் கார்டு விற்கிறவரிடமே அப்படிச் சொன்னால் நம்புவாரா. தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எனக்குத் தெரியும் மகளே, தெரிந்ததுதான் வினை. தலைப்பிள்ளைப் பேறு உம்மா வீட்டில் என்பது நம் கீழக்கரையில் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டிய விஷயம் இல்லை. உன்னால் இங்கே வர முடியாது என்றானபோது நான் அங்கே வருவதாக முடிவு செய்தோம். கம்பளிச் சட்டையெல்லாம் வாங்கி வைத்துவிட்டு விசாவுக்குப் போட்டோம். வாப்பாவின் கடை லைசன்ஸ் புதுப்பிக்கிற நேரம், அந்தக் காகிதம் கையில் இல்லை, நான் திரும்பி வருவேன் என்பதற்கு உறுதி இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன் என்பதை நான் எந்தக் காகிதத்தில் காட்டுவது. அதே வாரத்தில்தான் நீ போனில் சந்தோஷமாகச் சொன்னாய், கீழ்வீட்டு காஷாவின் தாய் ஹலினா போலந்தில் இருந்து பஸ் ஏறி வந்து இறங்கியிருக்கிறாள், இரண்டு பை நிறைய ஊறுகாய் பாட்டிலும் காய்ந்த காளானும் கொண்டுவந்திருக்கிறாள் என்று. அவளுக்கு விசா எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அவங்களுக்கு விசா வேண்டாம் உம்மா, அடையாள அட்டையைக் காட்டினால் போதும் என்றாய். அன்றைக்கு என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தவள் இன்னும் இறங்கவில்லை.

பிறகு உனக்கு வலி முந்திக்கொண்டது. மருமகன் ஆபீஸ் வேலையாக ஸ்காட்லாந்து போயிருந்தார். உன்னை டாக்ஸியில் ஏற்றிப் போனவள் ஹலினா. உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஹலினா. நர்ஸ் பிள்ளையைத் துடைத்து முதலில் கொடுத்தது அவள் கையில். மருமகன் அங்கிருந்து போனில் பாங்கு சொல்ல, அந்தப் போனைப் பிள்ளையின் காதில் பிடித்துக்கொண்டு நின்றதும் அவள்தான். நீ இதையெல்லாம் சொல்லச் சொல்ல நான் மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்றேன். வாய்தான் சொன்னது. நீ அனுப்பிய போட்டோவை வாப்பா பெரிதாக்கி எடுத்து வந்தார். வெள்ளை முடியும் கழுத்தில் சிலுவையுமாக அவள் என் பேரனை ஏந்திக்கொண்டு சிரிக்கிறாள். வாப்பா பிள்ளையின் மூக்கு யாரைப் போல என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையைச் சரியாகத் தாங்கித்தான் பிடித்திருந்தாள், குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பிறகு நீ போன் பண்ணும்போதெல்லாம் ஹலினா ஆன்ட்டி சூப் வைத்துக் கொடுத்தாங்க, ஹலினா ஆன்ட்டி குளிப்பாட்டினாங்க என்பாய். நான் சொல்லும் பூண்டுக் குழம்பை மட்டும் நாளைக்கு வைக்கிறேன் என்பாய்.

இந்த நேரத்தில்தான் நம் கடையில் அந்தச் சண்டை ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் லிண்டாவை உனக்குத் தெரியும், என்னை ஹானி என்று கூப்பிட்டுத் தன் காரில் கிளினிக்குக் கூட்டிப்போவாளே, அவள்தான். கிரஹாம் என்று ஒருவர் ரிபைனரியில் இன்ஜினியர், நீ போன பிறகு வந்தவர். இரண்டு பேரும் இங்கிலாந்துக்காரர்கள், இரண்டு பேரும் சாயங்காலம் பேப்பரும் ரொட்டியும் வாங்க வருவார்கள். வெளியேற வேண்டும் என்று கிரஹாம், கூடாது என்று லிண்டா. போலந்துக்காரர்கள் வந்து நம் பிள்ளைகளின் வேலையை எடுத்துக்கொள்கிறார்கள், சட்டமெல்லாம் வேறு ஊரில் எழுதுகிறார்கள் என்று அவர் சொல்வார். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு இருபத்தேழு நாட்டில் வேலை தேட வழி இருக்கிறது, அதை நீ அடைக்காதே என்று அவள் சொல்வாள். கேம்ப்பில் இருந்து கார்டு வாங்க வரும் நம் ராமநாதபுரத்துக் கார்மேகம் ஒருநாள், "என்னக்கா, காசு தகராறா?" என்று கேட்டார். இல்லை, அவங்க நாடு ஒரு கூட்டுல இருந்து பிரியணுமா வேண்டாமான்னு பேசுறாங்க என்றேன். "பாகப்பிரிவினையா? அப்ப இன்னைக்கு முடியாது, நான் நாளைக்கு வாரேன்" என்று போய்விட்டார். இந்த மாதம் இங்கேயும் அதே கதைதான். வளைகுடா நாடுகளுக்கெல்லாம் ஒரே நாணயம் என்ற ஏற்பாட்டில் இருந்து அமீரகம் விலகிக்கொண்டது, வங்கியை ரியாத்தில் வைப்பதில் வந்த மனத்தாங்கலாம். அந்தப் பேப்பரை விரித்துக்காட்டி, பாருங்கள், தன்மானம் உள்ள நாடு இப்படித்தான் செய்யும் என்று கிரஹாம் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, உங்கள் மகள் அங்கே இருக்கிறாளே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

கடையில் ஆள் நிறைய நின்றார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கதவை மூடுவதுதான் நல்லது, யார் வேண்டுமானாலும் பஸ் ஏறி வந்துவிடுகிறார்கள் என்று சொன்னேன். கிரஹாம் கவுண்டரில் தட்டிச் சிரித்தார். லிண்டா எடுத்த ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனவள் அதற்குப் பிறகு நம் கடைக்கு வரவில்லை, எதிர்க்கடையில் பால் வாங்கிக்கொண்டு போவதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வாப்பாவுக்கு நல்ல கோபம். "நாம இங்க இருக்கிறதே நமக்கு விசா எடுத்துத் தந்த கஃபீல் கையெழுத்துப் போடுற வரைக்கும்தான். அவரு வேண்டாம்னா நாளைக்கே பொட்டியக் கட்டணும். நீ ஊரான் வூட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடப் போறியா?" என்றார். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் பேசாமல் இருங்கள் என்றேன். அந்தச் சூட்டோடுதான் வெள்ளிக்கிழமை உன்னிடமும் அப்படிச் சொன்னேன்.

இப்போது மற்றதையும் கேள். இந்த ஞாயிற்றுக்கிழமை கிரஹாம் காலி அட்டைப்பெட்டி கேட்டு வந்தார். அவருக்கு இங்கே கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. நானே பெட்டிகளை மடித்து டேப் ஒட்டிக் கொடுத்துக்கொண்டு, இங்கிலாந்தில் எந்த ஊர், என் மகள் ஊருக்குப் பக்கமா என்று கேட்டேன். இங்கிலாந்து இல்லை, ஸ்பெயினில் கடற்கரையோரம் வீடு வாங்கியிருக்கிறோம், மனைவி முன்னாலேயே போய்விட்டாள், இனிமேல் அங்கேதான் என்றார். விசா கிடைக்க எத்தனை நாள் ஆனது என்று வழக்கம்போல் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, விசா எதற்கு, ஸ்பெயினும் அதே கூட்டில்தானே, பாஸ்போர்ட் போதும், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார். சொல்லி முடித்த பிறகுதான் வாசலில் லிண்டா நிற்பதை இரண்டு பேரும் பார்த்தோம். தலைவலி மாத்திரைக்கு வந்திருந்தாள், எதிர்க்கடை பூட்டியிருந்தது. "கேட்டாயா ஹானி, இவருக்கு உள்ளே வருகிற கதவை மட்டும்தான் மூட வேண்டும், வெளியே போகிற கதவு திறந்தே இருக்க வேண்டும்" என்றாள். கிரஹாமுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் யார் வேலையையும் எடுக்கப் போகவில்லை, சேர்த்த காசைச் செலவு செய்யத்தான் போகிறேன் என்றார். ஹலினாவும் யார் வேலையையும் எடுக்கவில்லை என்று என் வாயில் வந்துவிட்டது. யார் ஹலினா என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது ஷிரின். பெட்டியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். லிண்டா பின்னாலேயே வந்து அரிசி மூட்டைமேல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். ஹலினாவுக்குத் திறந்த கதவை மூட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசையும் இல்லை, எனக்கு மட்டும் ஏன் திறக்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல், அதைச் சொல்லத் தெரியாமல் இதைச் சொல்லிவிட்டேன் என்று. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். கிரஹாம் பெட்டிகளைத் தானே ஒட்டி எடுத்துக்கொண்டு போனாராம்.

செவ்வாய்க்கிழமை உன்னிடம் சமாதானம் பேசலாம் என்று போன் பண்ணினேன். எடுத்தது நீ இல்லை, ஹலினா. நீ குளிக்கப் போயிருந்தாய் போலிருக்கிறது, அவள் உன்னிடம் சொன்னாளோ இல்லையோ. "மம்மா ஷிரின்?" என்று கேட்டாள். எஸ் என்றேன். வைத்துவிடலாமா என்று நினைத்தேன், அதற்குள் "பேபி குட், ஈட், ஸ்லீப்" என்று அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். எனக்கும் அவளுக்கும் அந்த பாஷை ஒரே அளவுதான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஷிரின் க்ரை. கிச்சன். எவ்ரி டே. மம்மா, மம்மா" என்றாள். முதலில் பிள்ளை அழுவதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, ஷிரின், ஷிரின் என்று திருப்பித் திருப்பிச் சொன்னாள். என்னிடம் பேசும்போதெல்லாம் சிரிக்கிறாயே மகளே, வைத்த பிறகா அழுகிறாய். "யூ கம்" என்றாள். விசா நோ என்றேன். "நோ?" என்றாள். விசா மாஃபி என்று அரபியிலும் சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு ரொம்ப நேரம் விளங்கவில்லை. விளங்கிய பிறகு தன் பாஷையில் என்னமோ சடசடவென்று பேசினாள், யாரையோ ஏசுகிற மாதிரி இருந்தது. என் விசாவுக்காக வாப்பாகூட அப்படிக் கோபப்படவில்லை. அவளை எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடாதே. நீ சிரிப்பதுதான் எனக்கு வருகிறது, அழுவது அவளுக்குப் போகிறது, அது எனக்கு வர வேண்டியது. போனை வைத்த பிறகும் அதையே நினைத்து வேகிறேன். ஆனால் அவளும் இல்லாவிட்டால் நீ அந்தக் கிச்சனில் தனியாக நின்று அழுதிருப்பாய் என்பதும் சேர்ந்தே நினைப்பு வருகிறது.

ஓட்டு விஷயத்தில் நான் சொன்னதை விட்டுவிடு. அது உன் ஊர், நீ இருக்கிற இடம், நீயும் மருமகனும் பேசி உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள், யாருக்குப் போட்டாய் என்று என்னிடம் சொல்லவும் வேண்டாம். லைசன்ஸ் காகிதம் புதுசாகக் கைக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடி விசாவுக்குப் போடுகிறோம், மருமகனிடம் அழைப்புக் கடிதம் எழுதி உடனே அனுப்பச் சொல். கௌஸ் முகைதீனிடம் பேறுகால மருந்தும் நல்லெண்ணெயும் கொடுத்திருக்கிறேன், நாளைக்கு என்று தள்ளாமல் சாப்பிடு. குளிர்ந்த தண்ணீரில் பாத்திரம் கழுவாதே. பிள்ளைக்கு இரண்டு சட்டை, ஒரு தொப்பி. பச்சைச் சால்வை உனக்கு இல்லை, ஹலினாவுக்கு. அதை ஒரு தடவை வைத்து, ஒரு தடவை எடுத்து அலமாரியில் போட்டுவிட்டேன், வாப்பாதான் எடுத்து வந்து பெட்டியில் வைத்துப் பூட்டினார். அழுகை வந்தால் எனக்குப் போன் பண்ணி அழு. கார்டு நம் கடையில் எவ்வளவோ இருக்கிறது.

அல்லாஹ் உனக்கும் பிள்ளைக்கும் நீண்ட ஆயுளையும் நல்ல சுகத்தையும் தரட்டும், மருமகனுக்கு பரக்கத்தான வேலையைத் தரட்டும். வாப்பா ஸலாம் சொல்லச் சொன்னார், பேரனுக்கு முத்தம் சொல்லச் சொன்னார். ஒன்றை மட்டும் மறக்காதே. இன்ஷா அல்லாஹ் விசா கிடைத்து நான் வந்து நிற்கும் அன்றைக்கு, பிள்ளையைத் தொட்டிலில் போட்டு வைக்காதே, நீயும் தூக்கி நிற்காதே. ஹலினாவை மேலே வரச் சொல்லி அவள் கையில் கொடுத்து வை. அவள் கையில் இருந்தே நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் உம்மா,
உம்மு ஹானி