அமலிக்காக நாம் விட்ட மீன்

என் அன்புத் தங்கச்சி பிலோமி,

உன் மகள் இப்போது குசினிக் கதவோரம் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அரைக்கைச் சட்டை போட்டிருக்கிறாள். முழங்கை மடிப்பில் பழைய இடம் கொஞ்சம் மங்கலாக இருக்கிறது, அவ்வளவுதான். வெடிப்பு இல்லை, நீர் வடியவில்லை. இவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட அவள் கை சொறியப் போகவில்லை. பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ கேட்க ஆசைப்பட்ட ஒரே செய்தி இது. அதனால் முதலில் சொல்லிவிட்டேன். நீ போய் மூன்று வருஷம் கழித்து வருகிறது. கப்பல் வந்ததையும் போனதையும் அன்றன்றே பத்திரிகைக்கு எழுதி அனுப்பிப் பழகிய எனக்கு, இவ்வளவு பிந்திய செய்தியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

எழுபதாம் வருஷம் பிறந்த பிள்ளை. சோறு ஊட்டத் தொடங்கிய காலத்திலேயே கன்னம் சிவந்து தடித்தது. பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்புறம், கழுத்து. உப்புக்காற்று என்றார்கள், தண்ணீர் என்றார்கள். தூக்கத்தில் ரத்தம் வரச் சொறிவாள் என்று பழைய துவாலையைக் கிழித்து அவள் கைகளுக்கு உறை தைத்துப் போட்டாய். சிலுவை மச்சான் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போகிறவர் என்பதால், கல்யாணத்துக்குப் பிறகும் நீ எங்களோடுதான் இருந்தாய். எனக்கும் சலேத்துக்கும் பிள்ளை இல்லை. அமலி அழுதால் அந்த வீட்டில் நான்கு பேருக்கும் சோறு இறங்காது.

ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வைத்தியர் பார்த்துவிட்டு, இது கரப்பான் என்றார். மீன், கருவாடு, கத்தரிக்காய் மூன்றையும் நிறுத்தச் சொல்லி, அருகம்புல் தைலம் கொடுத்தனுப்பினார். இந்தப் பக்கம் முழுக்க எல்லோருக்கும் தெரிந்த பத்தியம்தான் அது. பஸ்ஸில் திரும்பும்போது பிள்ளை உன் மடியில் தூங்கினாள். அவள் விரல்களை உன் கைக்குள் பொத்திப் பிடித்தபடியே வந்தாய்.

வீட்டுக்கு வந்ததும் சலேத்திடம் சொன்னாய்: "மதினி, பிள்ள திங்காதத நானும் திங்க மாட்டேன். மீனு மணக்க மணக்க நம்ம தின்னுக்கிட்டு, அவளுக்கு மட்டும் பருப்புச் சோறு போட எனக்கு மனசு வராது."

"அப்போ வீட்டுக்கே மீனு வேண்டாம்ளா. தீந்துது," என்றாள் சலேத்.

அவ்வளவுதான் நடந்த ஆலோசனை. ஆண்களை யாரும் கேட்கவில்லை.

கடற்கரைத் தெருவில் மீன் வாங்காத வீடு ஒன்று இருந்தால் ஊர் சும்மா விடுமா? மீன்காரி அந்தோணியம்மா நம் வாசலில் பெட்டியை இறக்கி வைத்துக்கொண்டு கத்துவாள்.

"ஏளா பிலோமி, விளமீன் துள்ளுது. வந்து பாருளா!"

"வேண்டாம்க்கா."

"நேத்தும் வேண்டாம், இன்னைக்கும் வேண்டாம். என்ன, சைவக்காரவுக வீட்டுல சம்பந்தம் பேசுதியளோ?"

"பேசி முடிச்சாச்சி. கல்யாணத்துக்கு ஒனக்குத்தான் மொதப் பந்தி. அவியலும் அப்பளமும்."

"அட மாதாவே! அதுக்கு நான் வீட்டுல பட்டினியே கெடப்பேன்."

நீ சிரித்துக்கொண்டேதான் உள்ளே வருவாய். ஆனால் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பும் வரை ஜன்னலோரம் நிற்பாய். மீன் என்றால் உனக்கு எவ்வளவு உயிர் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஊளி மீனின் தலைக்காக என்னோடு சண்டை போட்டு, என் முதுகில் கடித்தவள் நீ.

உண்மையைச் சொன்னால், பத்தியம் காத்தது குசினிக்குள் இருந்த நீங்கள் மூன்று பேர்தான். நான் துறைமுக வாசல் ஹோட்டலில் மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவி வருவேன். படியேறும்போதே கேட்பாய்: "அண்ணே, இன்னைக்கு சீலாவா?" ஒரு நாளும் நீ தப்பாகச் சொன்னதில்லை. மச்சானோ கரைக்கு வந்ததும், "கடல்ல மீனத் தின்னு தின்னு நாக்கு செத்துப் போச்சி. ஒன் கீரைதான் எனக்கு அமிர்தம்" என்பார். "பொய் சொல்லாதீய. தட்டப் பாத்ததும் ஒங்க மொகம் துட்டி வீட்டுக்கு வந்த மாதிரில்லா போவுது" என்பாய் நீ.

மீனை எடுத்த இடத்தில் நீ முட்டையை வைத்தாய். நம் ஆட்களுக்கு வெறும் பருப்புச் சோறு சாப்பாடாகவே தோன்றாது. கவிச்சி இல்லாமல் பிள்ளை மெலிந்துவிடுவாள் என்று பயந்தாய். பின்கட்டில் கோழிக்கூடு வந்தது. காலையில் மிளகு தூவிய அரைவேக்காடு, மத்தியானம் பொரியல், சாயங்காலம் பாலில் அடித்துக் கலக்கியது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேக்கரியில் வாங்கிய மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு இல்லாமல் நம் ஊர் மக்ரூன் ஏது? கோழிக்குத் தீனி போடும்போது நீ பாடிக்கொண்டிருப்பாய். மீனை நிறுத்திய துக்கத்துக்கு அது ஒரு மருந்தாக உனக்கு இருந்தது என்று நினைக்கிறேன்.

அமலிக்குக் குணமாகவில்லை. கூடியது. "இன்னும் எதையோ சேக்கேன்" என்று நீ புளியை நிறுத்தினாய், தக்காளியை நிறுத்தினாய், மச்சான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த மாசிக் கருவாட்டை வீட்டில் வைக்கக்கூட விடாமல் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாய். முட்டை மட்டும் தொடர்ந்தது. அதுதானே பிள்ளைக்குப் பலம்?

தவக்காலம் வந்தபோதுதான் அந்த அதிசயம் நடந்தது. அம்மா காலத்திலிருந்தே நம் வீட்டில் சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் பாஸ்கா வரை இறைச்சியும் முட்டையும் அடுப்பேறாது. மீன் மட்டும் உண்டு. நமக்கோ மீனும் இல்லை. ஆகவே அந்த நாற்பது நாளும் கஞ்சி, பயறு, கீரை. பிள்ளையின் கை காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, பெரிய வெள்ளியன்று பார்க்கும்போது புதுத்தோல் ஓடியிருந்தது. கோவிலில் அவள் கையைத் தூக்கித் தூக்கி எல்லோருக்கும் காட்டினாய். பாஸ்கா முடிந்து பத்து நாளில் பழையபடி வெடித்தது.

அடுத்த வருஷமும் அப்படியே. நீ அதைப் புரிந்துகொண்ட விதம் இதுதான்: நாம் ஒறுத்தல் செய்தால் மாதா இரங்குகிறாள், நாம் வயிறாரத் தின்றால் கையை எடுத்துக்கொள்கிறாள். அதில் என்ன பிழை சொல்ல முடியும்? இரண்டு வருஷமும் கண்ணால் பார்த்ததைத்தானே சொன்னாய்? நாற்பது நாளில் அடுப்பிலிருந்து விலகியது எது, பாஸ்காவன்று திரும்பி வந்தது எது என்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஜெபத்தின் பலன் என்று எல்லோரும் நம்பிய ஒன்றைச் சமையலறைக்குள் தேடுவது எங்கள் வீட்டில் யாருக்கும் வராத காரியம்.

பிறகு நீ நேர்ச்சை நேர்ந்தாய். அமலிக்கு முழுக் குணமாகும் வரை உன் வாயில் மீன் படாது என்று. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இருந்த ஒருசந்தி, புதனுக்கும் சனிக்கும் வந்தது. பகலில் ஒரே வேளைச் சாப்பாடு. மச்சான் ஒரு தடவை வாய்விட்டுக் கெஞ்சினார்: "பிள்ளைக்குக் கொணமாவுததுக்கு முன்ன நீ காத்தோட போயிருவ போலிருக்கே." நீ சொன்னாய்: "போனா என்ன, அங்கன போயி நேர்லயே கேக்கேன்." அன்று எல்லோரும் சிரித்தோம். இப்போது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

எழுபத்தாறில் மழைக்காலத்தில் உனக்கு வந்தது நிமோனியா. பட்டினியால் வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். நான் அவரிடம் வேறு வேறு விதமாகக் கேட்டேன். ஒரே பதிலைத்தான் சொன்னார். உடம்பில் கொஞ்சம் தெம்பு இருந்திருந்தால் தாங்கியிருப்பாளா என்று கேட்டதற்கு மட்டும், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அது யாருக்குத் தெரியும் சார்" என்றார். அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம் நீ கண்ணை மூடிக்கொண்டே சொன்னாய்: "அண்ணே, எங்கனயோ விளமீன் கொதிக்குது."

"கொண்டாரட்டுமா?"

"வேண்டாம். மோந்து பாத்தேன்னு மாதாகிட்ட போட்டுக் குடுத்துராத." சிரித்தாய். இருமல் வந்து சிரிப்பை நிறுத்தியது.

இனி நீ அறியாத பகுதி.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சலேத் கோழிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டாள். அவற்றுக்குத் தீனி போட அவளால் முடியவில்லை. உன் குரல் கேட்கிறது என்றாள். பத்தியம் பழையபடி தொடர்ந்தது, முட்டை மட்டும் வீட்டில் இல்லாமல் போயிற்று. சில மாதங்களில் அமலியின் கை ஆறத் தொடங்கியது. "பிலோமி மேல போயி கேட்டுட்டா" என்றது தெரு. நானும் அதை நம்ப விரும்பினேன், தங்கச்சி.

போன கிறிஸ்துமஸுக்கு யாரோ ஒரு டப்பா மக்ரூன் கொடுத்தார்கள். அமலி இரண்டு தின்றாள். கொஞ்ச நேரத்தில் உதடு தடித்தது. மறுநாள் முழங்கையில் பழைய சிவப்பு. சலேத் அவளை மடியில் இருத்திக்கொண்டு கேட்டாள்: "என்னளா செய்யுது?"

"தொண்டக்குள்ள எறும்பு ஊருது அத்தை. முட்ட தின்னா அப்படித்தான்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"அம்மாட்ட சொன்னியா?"

"ஒரு நாளு சொன்னேன். எல்லாத்தையும் வேண்டாம் வேண்டாம்னா நீ எப்படி வளருவன்னு அம்மா அழுதாவ. அதுக்கப்புறம் சொல்லல."

சலேத் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். நீ அழக்கூடாது என்று அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு தின்றிருக்கிறாள். வைத்தியரைக் கேட்டோம், பங்குச் சாமியாரைக் கேட்டோம், தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கேட்டோம். தின்கிறவளை மட்டும் நம் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

திருநெல்வேலியில் தோல் டாக்டரிடம் போனோம். முட்டையும் முட்டை சேர்ந்த பண்டமும் அறவே வேண்டாம், மீனைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள் என்றார். எல்லாக் கரப்பானும் சாப்பாட்டால் வருவதில்லை, சில பிள்ளைகளுக்கு வயது ஏற ஏறத் தானே அடங்கும், இவளுக்கு எது எவ்வளவு என்று அவராலும் பிரித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். மீன் கொடுத்தோம். ஒன்றும் செய்யவில்லை. நெத்திலியை உன்னைப் போலவே தலையோடு மென்றாள். மச்சான் பார்த்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு வெளியே போனார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தைச் சந்தோஷமாகவே எழுதியிருப்பேன்.

உன் நினைவுப் பூசையன்று மச்சானின் அக்கா மணப்பாட்டிலிருந்து வந்திருந்தாள். பந்தியில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "பெத்தவளே வெசத்த ஊட்டின கணக்கால்லா ஆயிப்போச்சி. மீனையும் விட்டு, உசிரையும் விட்டு, என்னத்தக் கண்டா?"

மச்சான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "அக்கா, சாப்பிட்டாச்சின்னா எந்திரி. பஸ்ஸு போயிரும்."

ஆனால் அமலி கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் மீன் தொடுவதில்லை. குழம்புச் சட்டி வந்தால் தட்டை நகர்த்திக்கொள்கிறாள். பங்குச் சாமியார் கூப்பிட்டு, அம்மாவின் நேர்ச்சை அம்மாவோடு முடிந்தது, உன்னைச் சேராது என்றார். தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து பருப்பு ஊற்றிக்கொண்டாள். என்னிடம் மட்டும் ஒரு தடவை கேட்டாள்: "மாமா, அம்மா மீன் திங்காம இருந்தது என்னாலதான?"

உன்மேல் உள்ள ஆசையால்தான் என்றேன். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் பட்டிருக்கும்.

சலேத் மறுபடியும் வீட்டுக்கே மீன் வேண்டாம் என்றாள். முதல் தடவையாக நான் மறுத்தேன். நாம் ஒவ்வொருவரும் அவளுக்காக விட்டதை எல்லாம் அந்தப் பிள்ளை தன் தலையில் ஏற்றிவைத்திருக்கிறாள். இனி நாம் விட்ட மீன்சட்டி ஒன்று கூடினாலும் தாங்க மாட்டாள். அதனால் நாங்கள் மீன் சமைக்கிறோம், சாப்பிடுகிறோம், ருசி சொல்லிச் சண்டை போடுகிறோம். அவள் பக்கம் பார்ப்பதில்லை. சரியாகத்தான் செய்கிறோமா? தெரியவில்லை. நீ இருந்தால் என்ன செய்வாய்?

இதைப் பத்திரிகையில் போடச் சொன்னது சலேத்தான். வேறொரு வீட்டில் வேறொருத்தி, கெடுதல் இல்லாததை எல்லாம் நிறுத்திவிட்டு, கெடுதல் இருப்பதை ஊட்டிக்கொண்டிருப்பாள் என்றாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், பிலோமி. அமலியின் முன்னால் உன்னைப் பற்றி யாரும் அந்தப் பேச்சை இனிப் பேச விடமாட்டேன். அவள் தட்டில் எதை வைப்பதற்கு முன்னும் அவளைக் கேட்போம். என்றைக்காவது அவளே மீன் வேண்டும் என்று சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். ஏன் வேண்டாம் என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எந்தப் பதில் வந்தாலும், அதைச் சொன்னதற்காக அவள் வருத்தப்படும்படி இந்த வீட்டில் ஒருவரும் அழ மாட்டோம்.

உனக்கு அண்ணனும் உன் மகளுக்கு மாமாவுமான,
தொம்மை