அந்தப் பெயரைத் தேடினால்

மார்ச் 3, திங்கள்

உறுதியானது: ஒன்பது வருடங்களுக்கு முன் நான் எழுதிய ‘மருந்தாளுநர் கைது’ செய்தி, தேடலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஆதாரம்: எங்கள் இணையதளத்தின் தேடல் பிரிவுத் தலைவி காலையில் காட்டிய அறிக்கை.

களத்திலிருந்து என்னை எடுத்து இந்த நாற்காலியில் போட்டு ஐந்து மாதம். பழைய செய்தி ஒன்றில் ஒரு சொல்லைத் தொட்டால், எங்கள் தளத்திலேயே இன்னொரு செய்தி திறக்க வேண்டும். அந்த இணைப்புகளைப் போடுவதுதான் என் வேலை. அதிகப் பக்கங்கள் சுட்டும் பக்கத்தை முக்கியமானது என்று தேடுபொறி எடுத்துக்கொள்கிறது. கைதுச் செய்திக்கு மட்டும் முப்பத்தெட்டு இணைப்பு போட்டிருந்தேன். எல்லாம் அந்த மருந்தாளுநர் பெண்ணின் பெயர் மேல்.

“கலக்கிட்டீங்க சார்!” என்றார் தலைவி.

“அண்ணே, வெயில்ல அலைஞ்சப்பகூட இப்படி முதல் பக்கம் கிடைக்கலையே உங்களுக்கு” என்றார் விளையாட்டு நிருபர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன்.

மார்ச் 4

இன்று வேறு செய்திகளுக்கு நாற்பது இணைப்பு போட்டேன். வேறொன்றுமில்லை.

மார்ச் 6, வியாழன்

மதியம் ஒரு தொலைபேசி. அந்த மருந்தாளுநர்.

“நீங்கதானே சார் எழுதினது? ஒரு மருத்துவமனையில வேலை ஏறக்குறைய முடிவாயிருந்துச்சு. நேத்து ‘உங்க பேரைத் தேடிப் பாத்தோம்மா’ன்னு இழுக்குறாங்க. இத்தனை வருஷமா எங்கயோ அடியில கிடந்தது. இப்ப ஏன் மேல வந்துச்சு?”

காரணம் எனக்குத் தெரியும். சொல்லவில்லை. “நீங்க விடுதலையான செய்தியும் எங்க தளத்துல இருக்கும்மா” என்றேன்.

“இருக்கா? எனக்கே கிடைக்கலையே.”

மார்ச் 7, வெள்ளி

இருக்கிறது. ஏழு வருடத்துக்கு முந்தையது, நான்கு வரி. மருந்துப் பெட்டியில் தயாரித்த இடத்திலேயே தவறான சீட்டு ஒட்டப்பட்டிருந்தது, நோயாளியின் மரணத்துக்கு மருந்தாளுநர் காரணமல்ல, விடுதலை. அவ்வளவுதான்.

கைதுச் செய்தியில் அவர் பெயர் ஏழு முறை வருகிறது. விடுதலைச் செய்தியில் ஒரு முறைகூட இல்லை. எந்தப் பக்கத்திலிருந்தும் அதற்கு இணைப்பும் இல்லை. பெயரைத் தேடுகிறவருக்கு அது எப்படிக் கிடைக்கும்?

இந்தக் குறிப்பிலும் பெயரை எழுத மாட்டேன். நான் எழுதியவரை போதும்.

சாப்பிடும்போது மனைவியிடம் சொன்னேன்.

“பிடிச்சப்ப ஏழு தடவை தெரிஞ்ச பேரு, விட்டப்ப மறந்துபோச்சா?”

“பக்கத்துல இடமில்ல. ரெண்டு வரியை வெட்டிட்டாங்க.”

“யாரு வெட்டுனது?”

அன்று பக்கத்தை முடித்தது நான்தான். தீர்ப்பு நாளில் நீதிமன்றத்துக்குக்கூடப் போகவில்லை. போனில் கேட்டு எழுதியது. இதை நினைக்கும்போது ஏதாவது தோன்ற வேண்டும். தோன்றவில்லை. அதுதான்— சரி, போகட்டும்.

மார்ச் 10, திங்கள்

முப்பத்தெட்டு இணைப்பையும் விடுதலைச் செய்திக்குத் திருப்ப வேண்டும் என்றேன்.

“நல்லா ஓடுற பக்கத்தை நாமளே இறக்குறதா சார்? மேல கேப்பாங்க” என்றார் தலைவி.

“கேட்டா என்னைக் காட்டிடுங்க.”

கேட்டார்கள். ஆசிரியர் அறைக்குப் போனேன்.

“பழைய செய்தியில கை வைக்கிறதில்ல. உங்களுக்குத் தெரியாததா?”

“தப்பு நடந்தா திருத்தக் குறிப்பு போடுறதும் நம்ம வழக்கம்தான் சார்.”

ஆசிரியர் பேனாவை உருட்டிக்கொண்டே முடிவு சொன்னார். இணைப்புகளை மாற்றலாம். விடுதலைச் செய்தியில் பெயரைச் சேர்த்து, தேதியோடு திருத்தக் குறிப்பு போடலாம். கைதுச் செய்தியின் தலைப்பில் விடுதலைக்கு இணைப்பு கொடுப்பதை மட்டும் சட்ட ஆலோசகரிடம் கேட்க வேண்டும்.

தளத்தில் இப்போது கைதுச் செய்திதான் வலுவான பக்கம். அதிலிருந்து வரும் ஒரு இணைப்பு முப்பத்தெட்டுக்குச் சமம்.

மார்ச் 11

ஒவ்வொன்றாகத் திருப்பினேன். மாலை ஆறே கால் ஆகிவிட்டது. முப்பத்தெட்டு முறை அந்தப் பெயரைத் தொட்டிருக்கிறேன்.

மார்ச் 14

தேடலில் மாற்றமில்லை. “கொஞ்ச நாள் ஆகும் சார். ஏத்துறது மாதிரி இறக்குறது வராது” என்றார் தலைவி.

மார்ச் 18, செவ்வாய்

உறுதியானது: விடுதலைச் செய்தி இரண்டாமிடம். ஆதாரம்: மனைவியின் போன். அலுவலகக் கணினியை நம்பவில்லை. முதலிடத்தில் இன்னும் கைதுதான்.

காலையில் நீதிமன்றத்துக்குப் போனேன். ஐந்து மாதத்தில் வேலைக்காக வெளியே போனது இதுவே முதல் முறை. பதிவறையில் தீர்ப்பு நகல் வாங்கினேன். இருபத்திரண்டு பக்கம். படிக்கட்டில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன், ஏழு வருடம் தாமதமாக. சீட்டு மாறியிருக்கிறது என்று முதலில் எழுதிக் கொடுத்தவரே அந்த மருந்தாளுநர்தான். பதினாறாம் பக்கத்தில் இருக்கிறது.

அங்கிருந்தே அவரை அழைத்தேன். இணைப்பு போட்டது, பெயரை வெட்டியது, இரண்டையும் சொன்னேன். பின்னணியில் எங்கோ குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

“தீர்ப்பை வச்சு முழுசா ஒரு செய்தி எழுதப்போறேம்மா. உங்க பேரைப் போடலாமா?”

“போடுங்க. வியாழக்கிழமை மருத்துவமனையில முடிவு சொல்றாங்க” என்றார். “இந்தத் தடவை வெட்டிடாதீங்க.”

எழுதிக் கொடுத்துவிட்டேன். பெயர் ஏழு முறை. எழுதி முடித்ததும் தண்ணீர் குடித்தேன்.

நிலுவை: சட்ட ஆலோசகரின் பதில், நாளை மாலை. மருத்துவமனையின் முடிவு, வியாழன் காலை பதினொரு மணி.