கீழே இறங்கிய கை

அன்புள்ள மகளுக்கு,

விடுதிக் கூரை ஒழுகுவதாகச் சொன்னாயே, நாளை ஆள் வருகிறான். சியாங் மாயில் இந்த வருடம் மழை நிற்கிற மாதிரி இல்லை.

வேறென்ன எழுத?

பள்ளிக் கூட்டத்தில் ஏழு வயதுப் பிள்ளைக்கும் ஒரு கை, எனக்கும் ஒரு கை, அதற்குமேல் யாருக்கும் ஓட்டு இல்லை என்றுதான் இந்தப் பள்ளியைத் தொடங்கினேன். இங்கே உறவுமுறை கூடாதென்று நீயும் என்னைப் பெயர் சொல்லி 'பிரசோங்' என்றே கூப்பிட வேண்டும் என்றேன். முதல் வாரம் வாய் தவறி "அப்பா" என்றாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

போன சனிக்கிழமைக் கூட்டத்தில், "பெற்றோர் நெருக்குகிறார்கள், இனித் தேர்வும் மதிப்பெண்ணும் வைக்கலாம்" என்றேன். "வேண்டாங்கறவங்க?" என்று கேட்டதும் முதலில் எழுந்தது உன் கை. பர்மாவிலிருந்தும் நார்வேயிலிருந்தும் வந்த பொடிசுகள் உன்னைப் பார்த்துத் தூக்கின.

"பெத்த அப்பனுக்கு எதிராவா கை தூக்குற? இறக்குடி!"

கத்தியது நான்தான். இறக்கினாய். ஒவ்வொன்றாக எல்லாக் கைகளும் இறங்கின. நான் ஜெயித்தேன்.

சாப்பிட்டபின் அவரவர் தட்டை அவரவர் கழுவும் வரிசையில் என் தட்டைப் பிடித்து இழுத்தாய். "குடுங்கப்பா. அப்பா தட்டைப் பொண்ணுதானே கழுவணும்?" வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. நானும் கொடுத்துவிட்டேன். அதுதான் தூங்க விடவில்லை.

வரும் சனிக்கிழமை அதே கேள்வியை மறுபடி கேட்பேன். கையைத் தூக்கு. யார் கத்தினாலும் இறக்காதே.

கீழே 'அப்பா' என்று எழுதக் கை வரவில்லை.

இப்படிக்கு,
கூட்டத்தில் ஒரே ஒரு கை உள்ளவன்