கோர்ட் கலையும் வரை

நவம்பர் 10, திங்கள்
தூறல். ஜமுனாமரத்தூரில் ஆள் சேரும்வரை ஜீப் நின்றது. கறுப்புக் கோட்டு பாலித்தீன் பையில், மடியில்.

வக்கீலாகப் பதிவு செய்து ஐந்து மாதம். ஜூனியர் வேலை இன்னும் இல்லை. எல்லா ஆபீசிலும் ஒரே கேள்வி, "ஊர் எதும்மா?" மலை என்றதும் பேனாவை மூடுகிறார்கள்.

இன்று ஒருவர் மூடவில்லை.
"மலைலருந்து கேஸ் வருமா?"
"வரும் சார்."
பொய். எங்கள் வழக்கெல்லாம் ஊர்க்கூட்டத்தோடு சரி.
"காட்டு கேஸ் ஒண்ணு இருக்கு. ஆளு உங்க ஊர்தான். வெள்ளிக்கிழமை வாய்தா வாங்கு. உன்ன வெச்சிக்கறதா இல்லயான்னு அப்பறம் பாக்கலாம்."

நவம்பர் 12, புதன்
வெயில். ஆள் வெள்ளையன் மாமா. காப்புக்காட்டில் மரம் வெட்டியதாக வழக்கு. சாமை அறுத்துக்கொண்டிருந்தார்.
"மாட்ட தேடினு போனேன் பாப்பா. வெட்டனவன் ஓடிட்டான். நான் நின்னேன்."
"வெள்ளிக்கிழமை நீங்க ஒண்ணும் பேச வேணாம் மாமா. தேதி மட்டும் வாங்கிடறேன்."
மாமி: "கோட்ட போட்டுக் காட்டு. காக்கா மாதிரி இருப்பியா இன்னா?"
போட்டுக் காட்டினேன். மூவரும் சிரித்தோம்.

நவம்பர் 14, வெள்ளி
பெயர் கூப்பிட்டார்கள். எழுந்தேன். அதற்குள் மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, நெடுஞ்சாண்கிடையாக.
"தப்பு சாமி."
ஜட்ஜ்: "எழுந்திருங்க. குத்தத்த ஒத்துக்கறீங்களா?"
"ஆமாங்க சாமி. தப்புதாங்க."

ஊர்க்கூட்டத்தில் அப்படித்தான். கூப்பிட்டவன் முதலில் விழுந்து தப்பு என்பான். செய்தானா இல்லையா என்ற பேச்சு அதற்குப் பிறகு. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். பேச வேண்டாம் என்று மட்டும் சொல்லி வைத்தேன். விழுந்து தப்பு என்பதை அவர் பேச்சில் சேர்க்கவில்லை.

'ஐயா, அவர் சொல்வதன் பொருள் வேறு.' வாக்கியம் தயாராக இருந்தது. வரவில்லை.

அபராதம். கோர்ட் கலையும் வரை சிறை. சிறை என்றால் பின்பெஞ்சு. பக்கத்தில் உட்கார்ந்தேன்.
"எப்ப கேப்பாங்க பாப்பா?"
"எதை மாமா?"
"நான் வெட்டலன்னு சொல்லணுமே."
"முடிஞ்சிடுச்சி மாமா."
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சாப்ட்டியா?"

நவம்பர் 15, சனி
அப்பீல் பிரிவுகளைப் படித்தேன். ஒப்புக்கொண்டவனுக்கு வழி குறுகல்.
சீனியர் போன். "ஒரே நாள்ல முடிச்சிட்டியேம்மா. மலை ஆளுங்கள இனிமே நீயே பாரு. திங்கள்லருந்து வா."
நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். "பரவால்ல வுடு, சின்ன கேஸ்." வைத்துவிட்டார்.

அப்பா வீடு வீடாகப் போய் வேலை கிடைத்ததைச் சொல்லிவிட்டு வந்தார்.
மாமி முறத்தில் புதுச் சாமை கொண்டுவந்தாள். "எங்காள பத்திரமா வூட்டுக்கு கூட்டியாந்துட்ட."
வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 17, திங்கள்
பனி. எதிர்மலை தெரியவில்லை. வேலைக்கு முதல் நாள். கோட்டு மடியில்.
ஜீப்பில் மாமாவும். செங்கம் சந்தைக்கு. டிரைவர், "வக்கீலம்மா முன்னாடி குந்துங்க" என்றார். முன்சீட்டில் மாமா இருந்தார். எழுந்து பின்னால் போனார்.
இறங்கும்போது பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு ஜட்ஜய்யாவ பாப்பியா?"
"பாப்பேன் மாமா."
"நான் வெட்டலன்னு ஒரு வார்த்த சொல்லிடு."
"சரிங்க மாமா" என்றேன்.