அமாவாசையில் எடுத்த எச்சில்

அனுப்புநர்:
ம. கற்பகம் (வயது 28),
க/பெ. மணவாளன், பட்டு நெசவு,
சாயக்காரர் தெரு, ஆரணி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: கர்ப்பிணி நெசவாளர் ஹார்மோன் ஆய்வு – தறி ஓடாத நாளில் மட்டுமே மாதிரி எடுத்தது – தறி ஓடும் நாளில் மீண்டும் எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நெசவாளர் மகப்பேறு நலப் பிரிவுக்கு நான் அனுப்பிய நான்கு மனுக்கள்; அப்பிரிவின் 11.11.2002 நாளிட்ட பதில்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

முந்தைய நான்கு மனுக்களை ஆள் வைத்து எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. எட்டாவது வரை படித்தவள், இதை நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருளவும்.

1. நானும் என் கணவரும் முதலாளி மாணிக்கவேல் அவர்களிடம் பாவு நூல் வாங்கி, கரையைத் தனி நாடாவில் கோர்க்கும் கோர்வைச் சேலை நெய்கிறோம். ஒருவர் மிதித்து நெய்ய, மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். நான் எழுந்தால் அவர் கையும் நிற்கும். பாவு தாமதமானால் அடுத்த பாவு வேறு வீட்டுக்குப் போய்விடும். 1997-இல் என் முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து இறந்தது.

2. 1999-இல் நலப் பிரிவின் சார்பில் டாக்டர் ஸ்வர்ணலதா அவர்கள் ஆய்வுக்கு வந்தார். சிறுநீரகத்தின் மேல் அட்ரினல் என்று ஒரு சுரப்பி உண்டாம். உடம்பு மிகவும் அலுத்தாலும் மனம் பயந்தாலும் அதில் ஹார்மோன் என்ற ஒரு நீர் கூடுமாம். கர்ப்பிணிக்கு அது அளவு மீறினால் வலி முன்கூட்டியே வருமா என்று பார்க்க வேண்டும் என்றார். காலையிலும் மாலையிலும் சின்னக் குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தால் போதும், அதிலேயே அளவு தெரிந்துவிடுமாம். அப்போது இரண்டாவதைச் சுமந்திருந்த நான் உட்பட நாற்பத்திரண்டு கர்ப்பிணிகள் சம்மதித்தோம்.

3. எந்த நாளில் வரலாம் என்று அவர் கேட்டபோது, "மத்த நாள்ல தறியில உக்காந்துகினு இருப்போம்மா. அமாவாசைக்கு வாங்க, சும்மாத்தான் இருப்போம்" என்று சொன்னவள் நான்தான். அமாவாசையன்று ஆரணியில் தறி ஓடாது. வீட்டுக்கு வந்தவர்களை நிற்க வைத்துவிட்டு நாடா தள்ளிக்கொண்டிருப்பது மரியாதையும் இல்லை. எல்லாப் பெண்களும் தலைக்குக் குளித்து, நல்ல புடவை கட்டி, காலை எச்சிலும், படையல் முடிந்து ஒரு தூக்கமும் போட்டுவிட்டு மாலை எச்சிலும் கொடுத்தோம். நான்கு அமாவாசை கொடுத்தேன். தை அமாவாசைக்குக் கொடுத்த ஐந்தாம் நாள், தறியிலேயே எனக்கு வலி கண்டது. பெண் குழந்தை. ஒன்றரை நாள் இருந்தாள்.

4. அந்த ஆய்வின் அறிக்கையில் நான் 27-ஆம் எண். "ஹார்மோன் இயல்பான அளவு. நெசவு வேலையால் பாதிப்பு இல்லை" என்று இருக்கிறது. என் மகள் "பிற காரணங்கள்" என்ற தலைப்பின் கீழ் இருக்கிறாள். கர்ப்பிணி கடைசி நான்கு மாதம் தறியில் இறங்க வேண்டாம், அதுவரை முதலாளி பாவைத் திருப்பி வாங்கக் கூடாது என்று வரவிருந்த ஆணையை, இந்த அறிக்கையைக் காட்டித்தான் நலப் பிரிவு கைவிட்டது.

5. அறிக்கையின் நகலைக் கொடுக்க டாக்டரம்மா ஒரு புதன்கிழமை வந்தார். தெருவெல்லாம் தறி ஓடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். என் அருகில் அப்படியே தரையில் உட்கார்ந்து, "ஐயோ கற்பகம், உங்க எல்லாரையும் ஓய்வு நாள்லயே அளந்துட்டேனே" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தவறு என்று அவரே நலப் பிரிவுக்கு எழுதினார். "ஆய்வு முடிந்துவிட்டது" என்று ஒரு வரி பதில் வந்ததாம்.

6. இப்போது எனக்கு ஆறாம் மாதம். முந்தைய இரண்டும் ஏழில் போனவை. தறியை விட்டு எழுந்திருக்க என் கணவர் சொல்கிறார். எழுந்தால் என்ன சாப்பிடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. முதலாளியிடம் கேட்டதற்கு, "கவர்மெண்டே ஒண்ணும் ஆவாதுன்னு எழுதிட்டாங்களேம்மா" என்கிறார்.

7. என் நான்காவது மனுவுக்கு மட்டும் பதில் வந்தது. படித்ததும் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன். மீண்டும் மாதிரி எடுக்கப் பணியாளர்கள் 4.12.2002 அன்று வீட்டுக்கு வருவார்களாம். பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். அன்று அமாவாசை, ஐயா. நாளை மாற்றக் கேட்டு நேரில் போனேன். "நெசவாளர்கள் வீட்டில் இருக்கும் நாள் அதுதான் என்று பழைய கோப்பில் குறிப்பு இருக்கிறது" என்று காட்டினார்கள். அது நான் சொன்ன வார்த்தை.

ஆகவே வேறு எந்த நாளிலாவது, தறி ஓடும் நேரத்தில் வந்து எடுக்கும்படி ஆணையிட வேண்டுகிறேன். மரியாதைக்காக நான் எழுந்திருக்க மாட்டேன், உட்கார்ந்தபடியே தருவேன். நாள் ஆகும் என்று தெரியும். எனக்குத்தான் நாள் இல்லை.

இடம்: ஆரணி
நாள்: 18.11.2002

இப்படிக்குத் தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
ம. கற்பகம்

இணைப்பு:
1. அறிக்கையின் 11-ஆம் பக்க நகல்.
2. டாக்டர் ஸ்வர்ணலதா அவர்களின் கடித நகல்.
3. நேற்று மாலை தறியில் உட்கார்ந்தபடி எடுத்த எச்சில், ஒரு குப்பி. ஐஸில் வைக்காவிட்டால் கெட்டுவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் ஐஸ் இல்லை.